பன்னிரண்டாம் இரவு: ஷேக்ஸ்பியரின் காதல் நகைச்சுவையை முதன்முறை படிப்பவருக்கு

ஷேக்ஸ்பியரைப் படித்துப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களில் பலர் ஹாம்லெட்டை எடுத்து, இரண்டாம் அங்கத்தோடு மூடி வைத்துவிடுகிறார்கள். தொடங்குவதற்குக் காதல் நகைச்சுவை நாடகம்தான் நல்லது. அவற்றிலும் 'பன்னிரண்டாம் இரவு' நல்ல தேர்வு. 5 அங்கம், 18 காட்சி, ஏறத்தாழ 2,500 வரி. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் என்று நான்கு தடவை உட்கார்ந்தால் முடிந்துவிடும். தேர்வுக்காக இல்லாமல் சும்மா படித்து, படித்தபின் தன் அபிப்பிராயத்தை நாலு பத்தியாக எழுதி வைக்க விரும்புகிறவருக்கு இந்தக் குறிப்புகள் உதவும்.

கதையின் முடிச்சு இவ்வளவுதான். கப்பல் உடைந்து இல்லிரியா என்ற கரையில் ஒதுங்குகிறாள் வயோலா. இரட்டைப் பிறவியான அண்ணனோ தம்பியோ செபாஸ்டியன் கடலில் போய்விட்டான் என்று நினைக்கிறாள். ஆண் வேடம் போட்டு, செசாரியோ என்ற பெயரில் ஒர்சீனோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். ஒர்சீனோ அவளை ஒலிவியா என்ற சீமாட்டியிடம் காதல் தூது அனுப்புகிறான். ஒலிவியா, தூது வந்த 'பையனை'யே காதலிக்கத் தொடங்குகிறாள். வயோலாவோ தன்னை அனுப்பிய எஜமானைக் காதலிக்கிறாள். அன்னத்தையும் மேகத்தையும் தூதுவிட்ட நம் புலவர்களுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை.

முன்கூட்டியே கதை தெரிந்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். செபாஸ்டியன் உயிரோடு இருப்பதை நாடகமே இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில் காட்டிவிடுகிறது. இங்கே சுவை என்பது 'அடுத்து என்ன' என்பதில் இல்லை. நமக்குத் தெரிந்தது மேடையில் நிற்பவருக்குத் தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் அந்த இடைவெளியைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதற்காகத்தான்.

முதலில், பிரதி

உரை ஒரு பக்கமும் அருஞ்சொல் விளக்கம் எதிர்ப்பக்கமுமாக அச்சிட்ட பதிப்பை எடுங்கள். ஃபோல்ஜர் பதிப்பு அப்படிப்பட்டது. அதன் மூல உரை இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆர்டன் பதிப்பு ஆராய்ச்சிக்காரர்களுக்கு உகந்தது. அதில் சில பக்கங்களில் நாலு வரி நாடகமும் நாற்பது வரி அடிக்குறிப்பும் இருக்கும். முதல் வாசிப்பை அது நொண்டியடிக்க வைக்கும். இக்கால ஆங்கிலத்தில் எளிமைப்படுத்தி எதிரெதிராகத் தரும் பதிப்புகளைச் சந்தேகம் வரும்போது மட்டும் புரட்டுங்கள். அதையே படித்துக்கொண்டு போனால் கதை புரியும், சிரிப்பு வராது.

நூலகத்தில் தேடும்போது ஒரு குழப்பம் வரலாம். இந்த நாடகத்துக்கு 'உங்கள் இஷ்டம்போல' என்று பொருள்படும் துணைத்தலைப்பு ஒன்று உண்டு. பம்மல் சம்பந்த முதலியாரின் 'விரும்பிய விதமே' இதுதான் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அது ஆர்டன் காட்டில் நடக்கும் வேறொரு ஷேக்ஸ்பியர் நாடகத்தின் தழுவல். அதிலும் ஒரு பெண் ஆண் வேடம் போடுவதால், பத்துப் பக்கம் போன பிறகும் தவறு தெரியாமல் போகலாம்.

பெயர்த்தாள்

படிக்கத் தொடங்குமுன் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டம் ஒர்சீனோ வீடு: ஒர்சீனோ, அவன் பணியாட்கள் வாலண்டைன், கியூரியோ. இரண்டாவது ஒலிவியா வீடு: ஒலிவியா, அவள் உறவினரான குடிகாரர் சர் டோபி, டோபி கறந்துகொண்டிருக்கும் பணக்கார அசடு சர் ஆண்ட்ரூ, தோழி மரியா, காரியஸ்தர் மல்வோலியோ, கோமாளி ஃபெஸ்டே, ஃபேபியன். மூன்றாவது கடலிலிருந்து வந்தவர்கள்: வயோலா, செபாஸ்டியன், அவனைக் காப்பாற்றிய அன்டோனியோ, வயோலாவைக் கரைசேர்த்த கப்பல் தலைவர்.

இந்தத் தாள் இல்லாமல் படிக்கிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஒர்சீனோவுக்கு மேடைக் குறிப்புகளில் ஒரு பட்டம், பாத்திரங்களின் பேச்சில் பெரும்பாலும் வேறொரு பட்டம். இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள்தான். ஃபெஸ்டே என்ற பெயர் நாடகம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் வருகிறது, 2ஆம் அங்கம் 4ஆம் காட்சியில். மற்ற இடங்களில் 'கோமாளி' என்றே போட்டிருக்கும் பதிப்புகள் பல. ஒலிவியா, வயோலா, மல்வோலியோ மூன்று பெயரும் ஒரே எழுத்துகளைக் கலைத்துப் போட்டதுபோல இருப்பதால் கண் வழுக்கும். முதல் அங்கம் முடியும்வரை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அடையாளமாக ஒரு சொல் எழுதிவையுங்கள்: முக்காடு, வேடம், கெடுபிடி.

வயோலாவின் பெயர் உங்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கோ அந்தப் பெயர் கடைசிக் காட்சிவரை காதில் விழாது. அதுவரை யாரும் அதை உச்சரிப்பதே இல்லை. அச்சில் படிப்பவர் இழக்கும் பெரிய விஷயம் இது. கடைசிக் காட்சிக்கு வரும்போது நினைவில் வையுங்கள்.

நான்கு நாள் திட்டம்

முதல் நாள் முதல் அங்கம், 5 காட்சிகள். ஐந்தாவது மட்டும் சுமார் 300 வரி, அதுதான் நாடகத்தின் அச்சாணி. அதற்குப் பாதி நேரத்தை ஒதுக்குங்கள். இரண்டாம் நாள் இரண்டாம் அங்கம், அதுவும் 5 காட்சிகள். மூன்றாம் நாள் மூன்றாம் அங்கம், 4 காட்சிகள். கடைசி நாள் நான்காம் அங்கத்தின் 3 காட்சிகளும், ஒரே நீளக் காட்சியாக வரும் ஐந்தாம் அங்கமும். நாட்களுக்கிடையே ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டால் யாருக்கு என்ன தெரியும் என்பது மறந்துபோய், மூன்றாம் அங்கத்தின் கலாட்டா வெறும் கூச்சலாகிவிடும்.

நாடகம் தொடங்குவதே எல்லாரும் மேற்கோள் காட்டும் ஒரு வரியில்: இசைதான் காதலுக்கு உணவென்றால் வாசித்துக்கொண்டே இருங்கள். வாழ்த்து அட்டைகளில் போடும் அளவுக்குப் பேர்பெற்ற வரி. அங்கேயே உருகி நின்றுவிடாமல் அடுத்த ஆறு வரியையும் படியுங்கள். ஒர்சீனோ கேட்பது, காதல் பசி தெவிட்டிச் சாகும் அளவுக்கு அளவுமீறிக் கொடுங்கள் என்று. ஏழாவது வரியிலேயே 'போதும், நிறுத்து, முன்பு இருந்த இனிமை இல்லை' என்கிறான். இவன் பெரும் காதலன் என்று நினைத்துப் படிப்பவருக்கு நாடகம் இனிப்பாகவும் அசட்டுத்தனமாகவும் தெரியும். தன் காதலின்மேலேயே காதல் கொண்டவன் என்று தெரிந்து படித்தால் முதல் காட்சியிலேயே சிரிப்பு தொடங்கும்.

அகராதியை எப்போது மூடுவது

ஒரு பக்கத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் தேடாதீர்கள். யார் யாரிடம் எதற்காகப் பேசுகிறார்கள் என்பது புரிந்தால் போதும். முக்கியமாக, ஃபெஸ்டேயும் டோபியும் ஆண்ட்ரூவும் சேரும் காட்சிகளில் அகராதி உதவாது. முதல் அங்கத்தில் ஃபெஸ்டே மேற்கோள் காட்டும் குவினபாலஸ் என்ற 'அறிஞர்' பிறக்கவே இல்லை. இரண்டாம் அங்கத்தில் ஆண்ட்ரூ வியந்து சொல்லும் பிக்ரோக்ரோமிட்டஸும் அப்படித்தான். அறிவாளிபோல் ஒலிப்பதற்காக இட்டுக்கட்டிய பெயர்கள். அதைத் தேடிக் கால் மணி நேரம் போக்கினால், ஆண்ட்ரூ ஏமாந்த இடத்தில் நீங்களும் ஏமாந்தீர்கள் என்று கணக்கு.

மல்வோலியோ கண்டெடுக்கும் கடிதத்தில் எம், ஓ, ஏ, ஐ என்று நான்கு எழுத்து வரும். அதற்கு விடை கண்டுபிடிக்க முயலாதீர்கள். நான்கும் அவர் பெயரில் இருக்கின்றன, வரிசைதான் வேறு. அதை இழுத்துப் பிடித்துத் தன் பெயராக்கிக்கொள்ள அவர் படும் பாடுதான் வேடிக்கை. விடை தெரியாததால் காட்சி புரியவில்லையோ என்று பயப்படுபவர்கள் உண்டு. புரிந்தது, அவ்வளவுதான் விஷயம்.

நீயும் நீங்களும்

இக்கால ஆங்கிலேயரைவிடத் தமிழருக்கு இந்த நாடகத்தில் ஒரு சலுகை இருக்கிறது. ஷேக்ஸ்பியர் கால ஆங்கிலத்தில் 'தவ்' என்றும் 'யூ' என்றும் இரண்டு முன்னிலைச் சொற்கள் இருந்தன. ஏறத்தாழ நம் 'நீ'யும் 'நீங்க'ளும். இக்கால ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லை, நமக்கு அது தினமும் வாயில் புழங்குவது. பென்சிலை எடுத்து 'தவ்', அதன் வேற்றுமை வடிவமான 'தீ' (உன்னை, உனக்கு) வரும் இடங்களில் கோடு போட்டுக்கொண்டே போங்கள்.

1ஆம் அங்கம் 4ஆம் காட்சியில் ஒர்சீனோ செசாரியோவை 'நீ' என்று அழைத்து, தன் மனப்புத்தகத்தையே திறந்து காட்டியதாகச் சொல்கிறான். எஜமான் வேலைக்காரனை ஒருமையில் அழைப்பதுதான், ஆனால் அதில் நெருக்கம் நுழைந்துவிட்டது. 3ஆம் அங்கம் 1ஆம் காட்சியில் ஒலிவியா மரியாதைப் பேச்சை உதறிவிட்டு ஒருமைக்கு மாறும் இடத்தில்தான் காதலைச் சொல்கிறாள். அதற்கு அடுத்த காட்சியில், சண்டைக்கு அழைக்கும் கடிதம் எழுதப்போகும் ஆண்ட்ரூவுக்கு டோபி சொல்லும் யோசனை: அவனை ஒரு மூன்று தடவை 'நீ' போட்டு எழுது, தப்பில்லை. இதற்கு அடிக்குறிப்பு நமக்கு வேண்டியதே இல்லை.

உரைநடையும் செய்யுளும் மாறுவதையும் கவனியுங்கள். வரிகள் பக்க ஓரம்வரை ஓடினால் உரைநடை. ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்கி ஓரத்துக்கு முன்பே முறிந்தால் செய்யுள். 1ஆம் அங்கம் 5ஆம் காட்சியில் ஒலிவியாவும் செசாரியோவும் முதலில் உரைநடையில்தான் வாய்ச்சண்டை போடுகிறார்கள். ஒலிவியா முக்காட்டை விலக்கியதும் வயோலாவின் பேச்சு செய்யுளாகிறது. ஒலிவியா விடாமல் உரைநடையில், கடைக்காரர் சரக்குப் பட்டியல் வாசிப்பதுபோல, உதடு இரண்டு, கண் இரண்டு, கழுத்து ஒன்று என்று தன் அழகை எண்ணிக் காட்டிக் கிண்டல் செய்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவளும் செய்யுளுக்கு வந்துவிடுகிறாள். அவள் விழுந்துவிட்டாள் என்பதை அவள் சொல்வதற்கு முன்பே பக்கத்தின் வடிவம் சொல்லிவிடும். இந்த ஒரு காட்சியையாவது வாய்விட்டுப் படியுங்கள்.

மேடையைக் கையில் வைத்துக்கொள்வது

சில காட்சிகளில், பேசாமல் நிற்பவர் பேசுகிறவரைவிட முக்கியம். அச்சில் பேசாதவர் மறைந்துபோவார். இதற்கு எளிய வழி: பத்துப் பன்னிரண்டு புளியங்கொட்டையோ நாணயமோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, யார் உள்ளே வருகிறார், யார் போகிறார் என்று நகர்த்திக்கொண்டே படிப்பது. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் மூன்று காட்சிகளுக்கு இது அவசியம்.

ஒன்று, 2ஆம் அங்கம் 5ஆம் காட்சி. மரியா போலிக் கடிதத்தைப் பாதையில் போட்டுவிட்டுப் போக, டோபி, ஆண்ட்ரூ, ஃபேபியன் மூவரும் செடிமறைவில் ஒளிந்து மல்வோலியோ அதைப் படிப்பதைப் பார்க்கிறார்கள். மறைந்திருப்பவர்களின் முணுமுணுப்பு மல்வோலியோவுக்குக் கேட்காது. மூன்று கொட்டையை ஒரு டம்ளருக்குப் பின்னால் வைத்தாலே காட்சி விளங்கிவிடும். ஃபெஸ்டே எங்கே என்று தேடாதீர்கள். கோமாளியும் கூட ஒளிந்திருப்பான் என்று முன்பு மரியா சொன்னாள், வந்ததோ ஃபேபியன். ஷேக்ஸ்பியரே மாற்றியிருக்கிறார்.

இரண்டாவது, 3ஆம் அங்கம் 4ஆம் காட்சி. சண்டை போடத் துணியாத இருவரை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். அன்டோனியோ செசாரியோவைச் செபாஸ்டியன் என்று நினைத்துக் குறுக்கே விழுகிறான். பிறகு, கொடுத்து வைத்த பணப்பையைத் திருப்பிக் கேட்கிறான். பை யாரிடம் போனது என்பது அதற்கு முந்தைய காட்சியில் இருக்கிறது. அந்தக் குட்டிக் காட்சியைத் தாண்டி ஓடியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது, ஐந்தாம் அங்கம், சுமார் 400 வரி. இரட்டையர் இருவரும் முதன்முறையாக ஒரே மேடையில். செபாஸ்டியன் உள்ளே வந்த பிறகு வயோலா எத்தனை வரி பேசாமல் நிற்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். தந்தையின் நெற்றியில் இருந்த மச்சம், வயோலாவுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த நாளில் அவர் இறந்தது என்று மெதுவாக, பயந்து பயந்து அடையாளம் சொல்லிக்கொள்கிறார்கள். ஆணும் பெண்ணுமான இரட்டையர் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க முடியுமா என்ற கேள்வியை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தால் எல்லாம் கெடும்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் பாத்திரங்களை ஏற்றவர்கள் பையன்கள். அதாவது, ஆணாக வேடம் போட்ட பெண்ணாக வேடம் போட்ட ஒரு பையன். ஸ்திரீபார்ட் நடிகர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவருக்கு இது வியப்பாக இராது. செசாரியோவின் உதட்டையும் குரலையும் பெண் சாயல் என்று ஒர்சீனோ வர்ணிக்கும் வரியில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்பது அதை நினைவில் வைத்தால்தான் தெரியும்.

உறுத்தும் இடங்கள்

நாடகத்தில் பொருந்தாத இடங்கள் உண்டு. நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். முதல் அங்கத்தில் செசாரியோ வேலைக்கு வந்து மூன்று நாள் என்கிறான் வாலண்டைன். ஐந்தாம் அங்கத்தில் மூன்று மாதம் என்கிறான் ஒர்சீனோ. பாடத் தெரியும் என்று சொல்லி வேலைக்குச் சேரும் வயோலாவைப் பாடச் சொல்வதே இல்லை. ஒர்சீனோ பாட்டுக் கேட்கும்போது ஃபெஸ்டேயைத் தேடிப் பிடித்து வருகிறார்கள்.

பெரிய உறுத்தல் மல்வோலியோ. எஜமானி தன்னைக் காதலிப்பதாக நம்பி, மஞ்சள் காலுறையும் குறுக்குப் பட்டியும் கட்டிக்கொண்டு இளித்தபடி வந்து நிற்கும்வரை எல்லாரும் சிரிப்போம். 4ஆம் அங்கம் 2ஆம் காட்சியில் அவரை இருட்டறையில் பூட்டி, ஃபெஸ்டே பாதிரி வேடத்தில் போய் நீ பைத்தியம்தான் என்று வாதாடும்போது சிரிப்பு தொண்டையில் நிற்கும். நிற்கட்டும். இதுதான் நீங்கள் எழுத வேண்டிய இடம். பழைய அச்சுப் பிரதியின் குறிப்புப்படி மல்வோலியோ அங்கே உள்ளிருந்து பேசுகிறார். முகம் தெரிய வேண்டியதில்லை, குரல் மட்டும் வந்தால் போதும். மேடையில் அதை எப்படிக் காட்டலாம் என்று யோசித்துப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

அவர் உங்கள் எல்லாரையும் பழிவாங்குவேன் என்று சொல்லி வெளியேறுவதோடு கணக்கு முடியவில்லை. வயோலாவின் பெண் உடைகள் கப்பல் தலைவரிடம் இருக்கின்றன. அவரோ மல்வோலியோ தொடுத்த வழக்கில் சிறையில். எனவே நாடகம் முடியும்போது வயோலா ஆண் உடையிலேயே நிற்கிறாள். ஒர்சீனோ அவளைச் செசாரியோ என்றே அழைத்துக் கூட்டிப் போகிறான். கல்யாணம் நடக்க வேண்டுமானால் முதலில் மல்வோலியோவைச் சமாதானப்படுத்தியாக வேண்டும். முதல் வாசிப்பில் இதைத் தவறவிடாதவர் குறைவு.

அபிப்பிராயத்தை எழுதுவது

ஒவ்வொரு நாளும் படித்து முடித்ததும், மறுநாளுக்குத் தள்ளாமல், மூன்று வரி எழுதுங்கள்: யாரைப் பார்த்துச் சிரித்தேன், யாருக்காகப் பாவப்பட்டேன், எதை நம்ப முடியவில்லை. பக்கத்தில் அங்க எண்ணும் காட்சி எண்ணும். கடைசியில் இந்தப் பன்னிரண்டு வரியையும் அடுத்தடுத்து வைத்தால், முதல் நாள் சிரித்த ஆளுக்கு நான்காம் நாள் பாவப்பட்டிருப்பீர்கள். கட்டுரை அங்கே தொடங்கும்.

'ஒலிவியாவின் காதல் நம்பும்படி இல்லை' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'ஏழு வருடம் முக்காட்டோடு இருப்பேன் என்றவள் ஒரே காட்சியில் (1.5) முக்காட்டை விலக்கி, அதே காட்சியின் முடிவில் மோதிரத்தையும் அனுப்பிவிடுகிறாள், வேகம்தான் நகைச்சுவையா, அவசரத்தில் எழுதியதா?' என்று எழுதினால் படிப்பவர் உங்களோடு சண்டைக்கு வருவார். கதைச் சுருக்கம் ஐந்து வரியைத் தாண்ட வேண்டாம். இலக்கியக் கோட்பாட்டுச் சொற்களைக் கடன் வாங்கினால் உங்கள் குரல் அமுங்கிவிடும்.

தவறாக நினைத்துவிடுவோமோ என்று தயங்குபவருக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். இந்த நாடகம் நடந்ததாக நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு, லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் 1602 பிப்ரவரி 2 அன்று அதைப் பார்த்த ஜான் மானிங்ஹாம் என்ற சட்ட மாணவரின் நாட்குறிப்பு. காரியஸ்தரை ஏமாற்றிய விதம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒலிவியாவை விதவை என்று எழுதி வைத்திருக்கிறார். அவள் துக்கம் காப்பது அண்ணனுக்காக. நாட்குறிப்பால் பேர்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1661, 1663, 1669 என்று மூன்று முறை பார்த்து, மூன்று முறையும் திட்டினார். 1663இல் பார்த்தது ஜனவரி 6, கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் பன்னிரண்டாம் நாளேதான்; நாடகத்துக்கும் நாளுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவருடைய புகார்களில் ஒன்று. நியாயமான புகார். கதையில் அந்த நாள் எங்கும் வருவதில்லை. மன்னர் முதலாம் சார்லஸ் தன் பிரதியில் தலைப்புக்குப் பக்கத்தில் 'மல்வோலியோ' என்று எழுதி வைத்தார். ஒற்றைச் சொல் விமர்சனம்.

பார்ப்பது எப்போது

படிப்பதற்கு முன் படம் பார்த்தால் நடிகர்களின் முகம் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் அங்கம் முடித்த பிறகு பார்ப்பது சரியாக இருக்கும். ட்ரெவர் நன் இயக்கிய 1996 திரைப்படத்தில் ஃபெஸ்டேயாக வருபவர் பென் கிங்ஸ்லி. அதில் கப்பல் உடைவது முதலில் வரும், ஒர்சீனோவின் இசை பிறகு. உங்கள் பிரதியில் வரிசை வேறாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். லண்டன் குளோப் அரங்கின் 2012 தயாரிப்பில் எல்லாப் பாத்திரமும் ஆண்கள்தான். மார்க் ரைலன்ஸ் ஒலிவியாவாக நடித்தார். தமிழில் 1949இல் ஜூபிடர் பிக்சர்ஸுக்காக கே. ராம்நாத் இயக்கிய 'கன்னியின் காதலி' இந்தக் கதையின் தழுவல். கண்ணதாசன் பாடலாசிரியராக அறிமுகமானது அந்தப் படத்தில்தான், 'கலங்காதிரு மனமே' என்ற பாட்டோடு.

எல்லாம் முடிந்த பிறகு, 1ஆம் அங்கம் 2ஆம் காட்சிக்குத் திரும்பிப் போங்கள். அறுபது வரிக்குக் கொஞ்சம் மேல், ஐந்து நிமிடம். உடன்பிறந்தவன் பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு அலைமேல் மிதந்ததைப் பார்த்தேன் என்கிறார் கப்பல் தலைவர். அந்த வார்த்தைக்காக வயோலா அவர் கையில் பொன்னை வைக்கிறாள்.